இரும்பில்லாத வீடு

1872-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. அன்று சூரியன் மறைந்த பிறகு பம்பாய் நகரின் வானத்தில் ஓர் ஒளி தோன்றியது. அது நிலவொளியன்று, மின்னலுமன்று. நிறம் மாறிக்கொண்டே இருந்த அந்த ஒளி, பின்னிரவு மூன்று மணியளவில் ஆழ்ந்த ஊதா நிறம் கொண்டது. திங்கட்கிழமை பொழுது புலரும்வரை வானில் நின்றது. அதே வேளையில், பம்பாய்க்கும் ஏடனுக்கும் இடையே கடலடியில் இடப்பட்டிருந்த தந்திக் கம்பி சில மணி நேரம் செய்தி கொண்டு செல்ல இயலாமல் முடங்கிப் போயிற்று. அந்நாளைய நாளிதழ் இதனைப் பதிவு செய்து வைத்திருக்கிறது. நார்வே, பின்லாந்து போன்ற வடகோடி நாடுகளுக்கே உரியதென்று கருதப்படும் துருவ ஒளி, அன்று பம்பாய் மக்களின் வீட்டுக் கூரைக்கு மேலேயே வந்து போயிற்று. யாரும் அதற்காகச் சீட்டு வாங்கவில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவுமில்லை. நகரத்தாரில் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருந்திருப்பார்கள்.

இன்று அதே ஒளியைக் காண மும்பையிலிருந்து மக்கள் விமானம் ஏறிச் செல்கிறார்கள். காசி, ராமேசுவர யாத்திரைக்கு ஆள் சேர்த்த நாளிதழ்ப் பக்கங்களில் இப்போது துருவ ஒளிச் சுற்றுலாவுக்கும் விளம்பரம் வருகிறது. வழிகாட்டி உடன் வருவார், குளிருடை கிடைக்கும், நம் நாட்டு உணவும் கிடைக்கும். நான்கு இரவுகள், ஐந்து பகல்கள். டோம்பிவிலியும் இதற்கு விலக்கன்று. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் தாராவியிலும் வாடகைக்குக் குடியிருந்த தமிழ்க் குடும்பங்கள் பல, சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்ற ஆசையில் மத்திய ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு டோம்பிவிலிக்குக் குடிபெயர்ந்தன. அந்தத் தலைமுறைக்கு இப்போது ஓய்வுக் காலம். பிள்ளைகள் கடல் கடந்து வேலை பார்க்கிறார்கள். 'அப்பா, அம்மா, ஒரு முறையாவது போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்' என்று அவர்களே பயணத்துக்கு ஏற்பாடு செய்துவிடுகிறார்கள்.

'அவ்வளவு பணத்தில் நான்கு க்ஷேத்திரங்களைச் சேவித்து வரலாமே. ஆகாயத்தில் தெரியும் வர்ணத்தைப் பார்க்கப் பனியில் போய் நிற்க வேண்டுமா?' என்று சத்சங்கத்தில் கேட்பவர்களும் உண்டு. கேள்வி நியாயமானது போலத் தோன்றும். ஆனால் கீதையின் பத்தாவது அத்தியாயம், உலகில் எங்கெல்லாம் சிறப்பும் பேரொளியும் காணப்படுகின்றனவோ அங்கெல்லாம் இறைவனின் விபூதியைக் காண நம்மைப் பழக்குகிறது. அப்படிப் பழகியவனுக்குப் பனிவெளியும் க்ஷேத்திரமே. பழகாதவன் க்ஷேத்திரத்துக்குப் போனாலும் கடைத்தெருவைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவான். எங்கே போகிறோம் என்பதைவிட, போன இடத்தில் எப்படி நிற்கிறோம் என்பதே இங்குக் கேட்கத் தகுந்த கேள்வி. அந்த வகையில் இந்தச் சுற்றுலா, சாதகனுக்கு அவன் நிலையைக் காட்டும் ஒரு நல்ல கண்ணாடி.

ஏனென்றால், மற்றப் பயணங்களில் பார்க்க வேண்டியது அங்கேயே இருக்கிறது. தாஜ்மகால் ஓடிவிடாது. திருவண்ணாமலையில் கார்த்திகை தீபத்துக்கு லட்சக்கணக்கானவர் காத்திருந்தாலும், அந்திப் பொழுதில் தீபம் ஏறும் என்பது எல்லோருக்கும் தெரியும். துருவ ஒளிக்கு அப்படி நேரமில்லை. விமானச் சீட்டு, விசா, விடுதி அறை, வழிகாட்டி ஆகிய அனைத்தையும் பணம் கொடுத்துப் பெறலாம். எதற்காகப் போனோமோ அதை மட்டும் பெற முடியாது.

மார்கழி இரவு

இத்தகைய பயணக் குழுக்கள் அதிகம் செல்லும் ஊர்களில் ஒன்று நார்வேயின் வடபகுதியில் உள்ள ட்ரோம்சோ. வட அட்சரேகை ஏறத்தாழ 70 பாகையில் இருக்கும் தீவு நகரம் அது. நவம்பர் இறுதியிலிருந்து ஜனவரி நடுப்பகுதிவரை அங்கே சூரியன் உதிப்பதில்லை. நண்பகலில் தென்திசையில் சிறிது நேரம் நீல நிற வெளிச்சம் படரும். பிறகு மீண்டும் இருள். நம் கணக்கில் அது கார்த்திகையின் பிற்பகுதியும் மார்கழியும் ஆகும். மனிதர்களுக்கு ஓர் ஆண்டு தேவர்களுக்கு ஒரு நாள், உத்தராயணம் அவர்களின் பகல், தட்சிணாயனம் இரவு, மார்கழி அந்த இரவின் விடியற்காலம் என்று நம் பெரியோர் வகுத்தார்கள். வடதுருவத்தில் ஆறு மாதம் பகலும் ஆறு மாதம் இரவும் இருப்பதோடு இது ஒத்துப் போவதைக் கண்டு வியந்த பால கங்காதர திலகர், வேதகால முன்னோர் ஆர்க்டிக் பகுதியிலேயே வாழ்ந்தவர்கள் என்று ஒரு நூலே எழுதினார். 1903-இல் அது வெளிவந்தது. வரலாற்று அறிஞர்கள் அம்முடிவை ஏற்கவில்லை. எனினும், மாட்டுங்காவின் தெருக்களில் மார்கழி பஜனைக்கு எழுந்த பழக்கமுள்ள ஒருவருக்கு, சூரியனே இல்லாத அந்த மார்கழியில் போய் நிற்பது மனத்தைத் தொடும் அனுபவமாகவே இருக்கும்.

அங்கே வானில் தெரியும் ஒளியும் சூரியன் தந்ததுதான். சூரியனிலிருந்து வெளிச்சம் மட்டும் வருவதில்லை. மின்னூட்டம் கொண்ட நுண்துகள்களும் ஒரு காற்றைப் போல இடைவிடாமல் வீசிக்கொண்டிருக்கின்றன. சூரிய வெளிச்சம் 15 கோடி கிலோமீட்டரை எட்டு நிமிடங்களில் கடந்து வந்துவிடும். இந்தத் துகள்களோ வினாடிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேர இரண்டு முதல் நான்கு நாட்கள் ஆகலாம். பூமியின் காந்தப்புலம் அவற்றைத் தடுத்துத் திருப்புகிறது. அந்தப் புலத்தில் அடைந்த ஆற்றலால் உந்தப்பட்ட எலக்ட்ரான்கள் துருவப் பகுதிகளை வளையமாகச் சூழ்ந்து இறங்கி, நூறு கிலோமீட்டருக்கும் மேலான உயரத்தில் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் தாக்கும்போது அந்த வாயுக்கள் ஒளிர்கின்றன. சூரியனைக் காண முடியாத இரவில், சூரியனுடைய சக்தியே வேறொரு வடிவில் வந்து காட்சி தருகிறது. இறைவன் தம்மை விட்டு விலகிவிட்டதாக வருந்தும் அன்பர்கள் இதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

வழிகாட்டியின் வேலை

இனி அந்த இரவுகள் எப்படிக் கழிகின்றன என்று பார்ப்போம். டோம்பிவிலியிலிருந்து சென்ற ஒரு தம்பதியை மனத்தில் எண்ணிக்கொள்வோம். கணவர் முப்பத்தைந்து ஆண்டுகள் தினமும் நெரிசலில் நின்றபடியே கோட்டைப் பகுதி அலுவலகத்துக்குப் போய்வந்தவர். மனைவி அந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் விடியுமுன் எழுந்து சாப்பாட்டு டப்பா கட்டியவர். படுக்கையில் கிடந்த மாமியாருக்குப் பல ஆண்டுகள் பணிவிடை செய்தவர். ஊரை விட்டு அதிகம் நகராதவர். வருங்கால வைப்பு நிதியிலிருந்து சில லட்சங்களை எடுத்து, பிள்ளை கொடுத்ததோடு சேர்த்து, இருவரும் புறப்பட்டிருக்கிறார்கள்.

மாலையில் வழிகாட்டி வருகிறார். அவர் முதலில் பார்ப்பது வானத்தை அன்று, மேகங்களின் வரைபடத்தை. துருவ ஒளி மேகங்களுக்கு மிக மேலே நிகழ்வது. மேகம் சூழ்ந்திருந்தால், மேலே எவ்வளவு பெரிய ஒளி ஆடினாலும் கீழே நிற்பவனுக்குக் கரிய கூரையே தெரியும். கடற்கரையில் மேகமென்றால் வண்டியை உள்நாட்டுப் பக்கம் திருப்புவார்; சில நேரம் பின்லாந்தின் எல்லைவரை போவார். மேகமில்லாத இடத்தில் குளிர் இன்னும் கடுமையாக இருக்கும். பூஜ்யத்துக்குக் கீழே 15, 20 பாகை என்பது அங்கே வியப்பன்று.

இறங்கியதும் அவர் சொல்வது, 'கையிலுள்ள விளக்குகளை அணையுங்கள்' என்பதே. கண் இருளுக்குப் பழக இருபது, முப்பது நிமிடங்கள் ஆகும். இடையில் ஒருவர் கைப்பேசியைத் திறந்தாலும் அருகில் நிற்பவர்களின் கண்ணும் கெட்டுவிடும். மறுபடியும் தொடக்கத்திலிருந்து காத்திருக்க வேண்டும்.

இவ்வளவுதான் வழிகாட்டியால் முடியும். மேகத்தை விட்டு விலக்கிக் கொண்டு போகலாம். கையிலுள்ள விளக்கை அணைக்கச் சொல்லலாம். எந்தத் திசையில் நோக்க வேண்டும் என்று காட்டலாம். குளிர்ந்த கைகளில் சூடான பானத்தைக் கொடுத்துத் தைரியம் சொல்லலாம். ஒளியைக் கொண்டு வந்து நிறுத்த அவரால் ஆகாது. நல்ல வழிகாட்டி அதை முதல் நாளே சொல்லிவிடுவார்.

குருவைப் பற்றிச் சாத்திரங்கள் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். கங்கையில் நீர் எப்போதும் ஓடுகிறது; கரைக்கு வழி தெரிந்தவர் அழைத்துப் போகிறார். ஆனால் இக்காலத்தில் வேறு வகையான வழிகாட்டிகளும் இருக்கிறார்கள். மூன்று நாள் முகாம், இவ்வளவு கட்டணம், முடிவில் அனுபவம் உறுதி என்று விளம்பரம் செய்கிறார்கள். துருவ ஒளிச் சுற்றுலா நடத்துபவர்களிலும் 'உறுதி' என்று அச்சடிப்பவர் உண்டு. சிறு எழுத்தில் படித்தால், ஒளி தெரியாவிட்டால் இன்னொரு முறை அழைத்துப் போவோம் என்பதே அந்த உறுதியின் பொருளாக இருக்கும். வியாபாரிக்குக்கூட அந்த அளவு நேர்மை இருக்கிறது. இறையனுபவத்தைத் தேதி குறித்து விற்பவர்களிடம் அதுவும் இல்லை.

விலகிய நந்தி

நாம் எண்ணிக்கொண்ட தம்பதிக்கு முதல் இரவு மழை கலந்த பனி. இரண்டாம் இரவு ஐந்து மணி நேரம் வண்டியில் அலைந்தும் மேகம் விடவில்லை. மூன்றாம் இரவு வானம் தெளிந்திருந்தது. நட்சத்திரங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது போல் மின்னின. ஆனால் ஒளி வரவில்லை. விடுதிக்குத் திரும்பும் வழியில் கணவருக்குக் கோபம் வந்தது. 'இதற்கா இவ்வளவு பணம்? வாழ்நாளெல்லாம் நின்றுகொண்டே வேலைக்குப் போய்ச் சேர்த்தது' என்றார். மனைவி, 'என்னங்க, அந்தப் பையன் என்ன செய்வான்? மேகம் அவன் கையிலா இருக்கிறது?' என்றார்.

அவர் கோபத்தை எளிதில் பழித்துவிடக் கூடாது. உழைத்தவனுக்குக் கூலி உண்டு என்பதே அவர் வாழ்வில் கற்ற பாடம். 8.05 வண்டியைப் பிடித்தால் அலுவலகம். தாமதமானால் சம்பளத்தில் பிடித்தம். அந்தக் கணக்கில் வளர்ந்த மனம், ஆன்மிகத்திலும் அதே கணக்கைக் கொண்டு வருகிறது. இத்தனை ஆண்டு ஜபம், இத்தனை ஏகாதசி உபவாசம், இத்தனை முறை சபரிமலை. இன்னும் ஏன் ஒன்றும் தெரியவில்லை? இந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்காத சாதகர்கள் உண்டு. மனத்தில் கேட்காதவர்கள் மிகக் குறைவு. கேட்டுப் பதில் கிடைக்காமல் ஜபமாலையைப் பெட்டியில் வைத்துவிட்டவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். ஆகவே இது வேடிக்கையான விஷயமன்று.

திருநாளைப்போவார் என்று போற்றப்படும் நந்தனார் திருப்புன்கூருக்குச் சென்றதை இங்கே நினைவுகூர வேண்டும். குலத்தைக் காரணம் காட்டி மனிதர்கள் அவரைக் கோயிலுக்குள் விடவில்லை. வெளியே நின்றே இறைவனைக் காண விரும்பினார். நடுவே பெரிய நந்தி மறைத்துக்கொண்டிருந்தது. அவர் நந்தியைத் தள்ளவில்லை, தள்ளவும் முடியாது. காணவேண்டும் என்ற ஏக்கம் ஒன்றை மட்டும் கொண்டு நின்றார். இறைவன் நந்தியை விலகச் செய்தார் என்கிறது பெரிய புராணம். இன்றும் திருப்புன்கூர் சென்றால், நந்தி சந்நிதிக்கு நேராக இல்லாமல் சற்றே விலகி அமர்ந்திருப்பதைக் காணலாம். நந்தனார் நின்றதற்குக் கூலியாக நந்தி விலகியது என்று சொன்னால் அந்த வரலாற்றின் உயிரே போய்விடும். அவர் நிற்காமல் திரும்பியிருந்தாலும் காட்சி இல்லை. நிற்பது நம் பங்கு. விலகுவது நம் கையில் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்வதுதான் கடினம். ஒன்றை விட்டவர் சோம்பேறியாகிறார். மற்றதை விட்டவர் கடன் வசூலிக்க வந்தவர் போல் இறைவன் வாசலில் நிற்கிறார்.

படத்தில் பார்த்தது

நான்காம் இரவு. நள்ளிரவுக்குச் சற்று முன் வடதிசையில், மலைக்கு மேலே, மெல்லிய மேகக் கீற்று போன்ற வெளிர்நிற வளைவு ஒன்று தோன்றியது. வழிகாட்டி 'இதோ' என்றார். குழுவினர் கைப்பேசிகளை உயர்த்தினார்கள். திரையில் அது பளிச்சென்ற பச்சை நிறத்தில் விழுந்தது. எல்லோரும் திரையைப் பார்த்து ஆரவாரம் செய்தார்கள். கணவர் திரையையும் பார்த்தார், வானத்தையும் பார்த்தார். 'படத்தில் பச்சையாக இருக்கிறது, கண்ணுக்குச் சாம்பல் நிறமாக அல்லவா இருக்கிறது? நாம் பார்க்க வந்தது இதுவன்று' என்றார்.

இது பல பயணிகளுக்கு நேரும் ஏமாற்றம். மங்கிய வெளிச்சத்தில் மனிதக் கண்ணால் நிறத்தைப் பிரித்தறிய முடியாது. உருவத்தை மட்டுமே அறியும். ஒளிப்படக் கருவி பல வினாடிகளின் ஒளியைச் சேர்த்து வைத்துக் காட்டுகிறது. ஒளி வலுத்தால் கண்ணுக்கும் பச்சை தெரியும்; மிக வலுத்தால் சிவப்பும் ஊதாவும்கூடத் தெரியும். ஆனால் தொடக்கத்தில் அது பெரும்பாலும் வெளுத்த புகை போன்றதுதான். விளம்பரப் படத்தை மனத்தில் சுமந்து வந்தவர், தம் கண் முன் வந்ததை 'இதுவன்று' என்று தள்ளிவிடுகிறார்.

மகான்களின் வரலாறுகளை அன்புடன் படிப்பவர்களுக்கும் இந்த ஆபத்து உண்டு. பேரொளி, ஆனந்தக் கண்ணீர், உடல் மறந்த நிலை ஆகியவற்றைப் படித்துப் படித்து, அதுவே அனுபவத்தின் அளவுகோல் என்று வைத்துக்கொள்கிறோம். நம்மிடம் வருவதோ மிக மெல்லியதாக இருக்கிறது. பிறர் கடுஞ்சொல் சொன்னபோது பதில் சொல்லாமல் இருக்க முடிந்த ஒரு நாள். காரணமில்லாமல் மனம் அடங்கியிருந்த ஒரு விடியற்காலை. நோயாளிக்குப் பணிவிடை செய்கையில் 'நான் செய்கிறேன்' என்ற எண்ணமே எழாத சில நிமிடங்கள். 'இதுவா?' என்று அதைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம். அர்ஜுனனுக்கு விசுவரூபத்தைக் காணத் தனிக் கண்ணைக் கண்ணபிரானே கொடுக்க வேண்டியிருந்தது. கொடுத்த பிறகும் அவன் நடுநடுங்கி, பழைய வடிவத்தையே காட்டும்படி வேண்டிக்கொண்டான். அதைப் பாராயணம் செய்யும் நாம், மெல்லிய வளைவு தோன்றினால் குறை சொல்கிறோம்.

மனைவி கைப்பேசி கொண்டு வரவில்லை. வழிகாட்டி சொன்னபடி விளக்கில்லாமல் அரை மணி நேரம் நின்றதால் அவர் கண் இருளுக்குப் பழகியிருந்தது. அந்த ஒளி எப்படி இருக்க வேண்டும் என்று எந்தப் படமும் அவர் மனத்தில் இல்லை. வெளிர்நிற வளைவின் ஓரத்தில் ஏதோ அசைவதையும், அது திரைச்சீலை போல் மெல்ல மடிந்து விரிவதையும் அவர் பார்த்துக்கொண்டு நின்றார். கணவர் இரண்டு முறை அழைத்தது அவர் காதில் விழவில்லை.

நெரிசலும் தனிமையும்

அந்த ஒளியின் உள்ளமைப்பில் ஒரு செய்தி இருக்கிறது. எலக்ட்ரான் தாக்கியதும் ஆக்சிஜன் அணு உடனே ஒளிர்வதில்லை. ஏற்ற ஆற்றலைச் சிறிது நேரம் வைத்திருந்து பிறகே ஒளியாக வெளியிடுகிறது. பச்சை ஒளிக்கு ஒரு வினாடிக்கும் சற்றுக் குறைவான நேரம் போதும். சிவப்பு ஒளிக்கோ ஏறத்தாழ 110 வினாடிகள், அதாவது இரண்டு நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவான நேரம் தேவை. அந்த நேரத்துக்குள் இன்னோர் அணு வந்து மோதிவிட்டால், பெற்ற ஆற்றல் மோதலிலேயே தீர்ந்துவிடும், ஒளி பிறக்காது. காற்று அடர்ந்த கீழ்ப்பகுதியில் அணுக்கள் ஓயாமல் மோதிக்கொள்வதால் அங்கே சிவப்பு ஒளிக்கு வழியில்லை. இருநூறு கிலோமீட்டருக்கு மேலே, அணுவுக்கு அணு வெகுதூரம் விலகியிருக்கும் இடத்தில்தான், ஏற்றதை இழக்காமல் இரண்டு நிமிடம் இருக்க ஓர் அணுவுக்கு வாய்க்கிறது. சிவப்பு எப்போதும் ஒளியின் உச்சியில் தெரிவதற்குக் காரணம் இதுவே.

காலை எட்டு மணிக்கு டோம்பிவிலி நடைமேடையில் நிற்பவரிடம் போய், 'இரண்டு நிமிடம் யாரும் மோதாமல் இருங்கள்' என்று சொல்ல முடியுமா? வெளி நெரிசலையாவது பொறுத்துக்கொள்ளலாம். பூஜை அறையில் கண்மூடி உட்கார்ந்த பிறகு உள்ளே நடக்கும் நெரிசல் அதைவிடப் பெரிது. கீதை வகுப்பில் ஒரு நல்ல கருத்து உள்ளத்தைத் தாக்குகிறது. உள்ளம் ஒரு படி உயர்கிறது. வகுப்பு முடிந்து செருப்பை மாட்டுவதற்குள் அந்தக் கருத்தைப் பற்றி நான்கு பேரிடம் பேசி, அதையே கைப்பேசியில் பத்துப் பேருக்கு அனுப்பி, பெற்றதைத் தீர்த்துவிடுகிறோம். சிரவணத்துக்குப் பின் மனனம், மனனத்துக்குப் பின் நிதித்யாசனம் என்று முறை வகுத்தவர்கள், ஏற்றதைச் சிதறவிடாமல் வைத்திருக்கும் அந்த இடைவெளியைத்தான் கேட்டார்கள். பேச்சைக் குறைக்கும்படி சாதகனுக்குச் சொல்வது பண்பாட்டுக்காக மட்டும் அன்று.

கொலாபாவின் முள்

ட்ரோம்சோவுக்குப் போக வசதியில்லாதவர்களும், முழங்கால் வலியால் மாடிப்படி இறங்க முடியாதவர்களும் டோம்பிவிலியில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அது பம்பாயின் சொந்த வரலாறு.

கொலாபாவில் 1826-இல் ஒரு வானாய்வு நிலையம் அமைக்கப்பட்டது. 1840-களில் அங்கே பூமியின் காந்தப்புலத்தை முறையாக அளக்கத் தொடங்கினார்கள். மெல்லிய இழையில் தொங்கும் ஒரு காந்த முள். அதன் அசைவைக் குறித்த நேரங்களில் பார்த்து ஏட்டில் எழுதும் பணியாளர்கள். 1859-ஆம் ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி, இங்கிலாந்தில் ரிச்சர்ட் கேரிங்டன் என்ற வானியலாளர் சூரியனின் முகத்தில் திடீரெனப் பேரொளி ஒன்று தோன்றி மறைந்ததைக் கண்டார். பதினெட்டு மணி நேரத்துக்குள் பூமியை ஒரு பெரும் காந்தப் புயல் தாக்கியது. வெப்பமண்டல நாடுகள்வரை துருவ ஒளி தெரிந்தது. பம்பாயில் அப்போது முற்பகல். வெயில் காலமோ மழைக் காலமோ, பகல் வானத்தில் அந்த ஒளியை எவரும் காண முடியாது. கொலாபாவின் முள் மட்டும் 1600 நானோடெஸ்லா அளவுக்குச் சரிந்தது. அந்தப் புயலின் கடுமையை அறிய உலகம் இன்றும் நாடும் முதன்மையான பதிவு அதுதான். தெருவில் நடந்தவர்களுக்கு அது சாதாரண வெள்ளிக்கிழமை. அதே காற்று அவர்கள் தலைக்கு மேலும் வீசியது, முள் அறிந்தது.

நூற்றாண்டு திரும்பும் வேளையில் பம்பாயில் குதிரை டிராமுக்குப் பதிலாக மின்சார டிராம் விடும் திட்டம் வந்தது. மின்சாரம் ஓடும் கம்பிகளுக்கு அருகே அவ்வளவு நுண்மையான முள் சரியாகக் காட்டாது. அப்போது நிலையத்தின் முதல் இந்திய இயக்குநராக இருந்த நானாபாய் மூஸ், டிராமை நிறுத்தும்படி போராடிக்கொண்டிருக்கவில்லை. முள்ளை எடுத்துக்கொண்டு அக்கரைக்குப் போனார். பம்பாய்க்குத் தெற்கே கடலோரம் அலிபாக் என்ற சிற்றூரைத் தேர்ந்தார். அங்கே எழுந்த கட்டடத்தில் இரும்பு இல்லை. காந்தத் தன்மையற்ற போர்பந்தர் மணற்கல்லால் சுவர். ஆணியும் கீலும்கூடப் பித்தளையும் செம்பும். 1904 முதல் 1906 வரை கொலாபாவிலும் அலிபாக்கிலும் ஒரே வேளையில் பதிவு செய்து, இரண்டும் ஒத்துப் போகின்றன என்று உறுதி செய்துகொண்ட பிறகே பழைய இடத்தை விட்டார்கள்.

ஓர் ஆணி இரும்பாக இருந்தால் என்ன என்று அவர்கள் எண்ணவில்லை. சூரியனிலிருந்து வருவதை அறிய வேண்டிய முள், பக்கத்துச் சுவரிலுள்ள ஆணியைப் பார்த்து அசைந்தால், அது காட்டுவதெல்லாம் ஆணியைப் பற்றிய செய்தியே. யமம், நியமம் என்று அடுக்கடுக்காகச் சொல்லப்பட்ட ஒழுக்கங்களை வறட்டுக் கட்டுப்பாடுகள் என்று இளைஞர்கள் நினைப்பதுண்டு. மூஸ் கட்டிய வீட்டைப் போய்ப் பார்த்தால் அவற்றின் பயன் விளங்கும். மைத்துனர் மேலுள்ள பொறாமையும், தீராத சொத்து வழக்கும், சபையில் முதல் வரிசை கிடைக்கவில்லை என்ற வருத்தமும் ஆணியளவானவையே. இருபது ஆண்டுகள் தியானம் செய்தவரின் முள்ளும் அவற்றின் பக்கமாகவே திரும்பி நிற்கக் காண்கிறோம். அவர் தியானத்தைக் கூட்ட வேண்டியதில்லை. ஆணியைப் பிடுங்கினால் போதும்.

நகரமே அந்தச் சுவராகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். லடாக்கில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள ஹான்லேயில் ஒரு கிராமமே இதற்கு விடை தேடியிருக்கிறது. பெங்களூரில் உள்ள இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் ஆய்வகம் அங்கே இருக்கிறது. அதைச் சுற்றிய பகுதி 2022 டிசம்பரில் இருண்ட வானக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கிராமத்தார் விளக்குகளுக்கு மறைப்பு இட்டார்கள். சன்னல்களுக்குக் கனத்த திரை போட்டார்கள். வரும் விருந்தினருக்கு வானத்தைக் காட்ட அவ்வூர் இளைஞர்களும் பெண்களுமே பயிற்சி பெற்றார்கள். யாரும் வீட்டை விட்டு வெளியேறவில்லை. சமையலும் நடக்கிறது, குழந்தைகளும் படிக்கிறார்கள். வீண் வெளிச்சத்தை மட்டும் குறைத்துக்கொண்டார்கள். இல்லறத்தார்க்கு இதைவிட அண்மையான எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தும் வீட்டில், கணவனும் மனைவியும் எதிரெதிரே அமர்ந்து ஒன்றும் பேசாமல் இருக்கக் கற்றுக்கொள்வது முதலில் சங்கடமாகவே இருக்கும். ஹான்லேயிலும் முதல் சில இரவுகள் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

2024-ஆம் ஆண்டு மே மாதம் சூரியனிலிருந்து அடுத்தடுத்துப் புறப்பட்ட பல வெடிப்புகள் பூமியை வந்தடைந்தன. 2003-க்குப் பிறகு பூமி கண்ட மிகக் கடுமையான காந்தப் புயல் அது. மே 10-ஆம் தேதி நள்ளிரவு கடந்து, ஹான்லேயின் வடக்கு அடிவானத்தில் சிவந்த ஒளி படர்ந்ததை அங்குள்ள கருவிகள் பதிவு செய்தன. பாரத நாட்டின் மண்ணிலிருந்து துருவ ஒளி. வெகு உயரத்தில், நெரிசலற்ற இடத்தில் பிறக்கும் அந்தச் சிவப்பு மட்டுமே அவ்வளவு தெற்கில் இருப்பவர்களுக்கு எட்டியது.

புயலின் முதல் அலை பூமியைத் தொட்டபோது நம் நாட்டில் இரவு ஏறத்தாழ 10.35 மணி, வெள்ளிக்கிழமை. டோம்பிவிலி நிலையத்தில் அந்த நேரத்துக்கும் கூட்டம் இறங்கிக்கொண்டுதான் இருக்கும். நியான் விளக்குகளுக்கு மேலே வானம் என்று ஒன்று இருப்பதே தெரியாது. தெற்கே, கடலின் அக்கரையில், நூற்றிருபது ஆண்டுகளுக்கு முன் எழுந்த அந்த இரும்பில்லாத வீட்டின் வளாகத்தில், அலிபாக் நிலையத்தின் கருவிகள் அசைந்தன.